ஆலங்கட்டிக்காரியின் வாரிசு

எங்கள் வின்டோல் ஊரில் யாராவது ஒரு வேலையைச் சுமாராகச் செய்துவைத்தால், "டில்கா முடி வெட்டின மாதிரி இருக்கு" என்பார்கள். மோசம் என்று அர்த்தமில்லை. நன்றாக இருக்கிறது என்றும் அர்த்தமில்லை. இரண்டு வாரத்தில் வளர்ந்து சரியாகிவிடும் என்று அர்த்தம். அந்த டில்கா நான்தான், ஊரில் முடி வெட்டும் பார்லர் வைத்திருப்பவள். ஞானஸ்நானத்தில் வைத்த பெயர் ஒட்டிலியா. அவ்வளவு நீளப் பெயரால் கூப்பிடும் அளவுக்கு நான் எதையும் சாதித்துவிடவில்லை என்பதால் டில்காவாகவே நின்றுவிட்டது.

கோயில் பாடகர் குழுவில் முப்பது வருஷமாக இருக்கிறேன். கிறிஸ்துமஸ் திருப்பலிக்கு முன்னால் பங்குத் தந்தை என் பக்கம் வந்து, "டில்கா, நீ இன்னிக்கு உதட்டை மட்டும் அசைம்மா. ஆண்டவருக்குக் கேக்கும்" என்று ரகசியமாகச் சொல்லிவிட்டுப் போவார். என் புருஷன் விங்கோவிடம், என்னை ஏன் கட்டிக்கொண்டாய் என்று ஒருமுறை கேட்டேன். டிராக்டருக்கு அடியிலிருந்து தலையை நீட்டி, "பக்கத்து வீட்டுல இருந்தே" என்றான். அப்புறம் கொஞ்சம் யோசித்து, "பஸ் பிடிச்சுப் போக வேண்டியிருக்கல" என்று சேர்த்துக்கொண்டான். அன்பைச் சொல்வதில் அவன் அப்படித்தான்.

ஐம்பத்து நாலு வயதில் எனக்கு ஒரே ஒரு ஆசை பாக்கி இருந்தது. செத்தபிறகு ஊரார் என்னைப் பற்றிப் பேச ஏதாவது ஒன்று வேண்டும். அது எனக்குக் கிடைத்தது. அதைத்தான் சொல்ல வந்தேன்.

ஒரு பிப்ரவரி மாலை எல்லோரையும் தீயணைப்பு மன்றத்துக்கு வரச்சொல்லியிருந்தார் மேயர் போகோமிர். எங்கள் ஊரில் கல்யாணம், தேர்தல், இழவுச் சாப்பாடு எல்லாம் அங்கேதான் நடக்கும். தீயை மட்டும் வேறெங்காவதுதான் அணைப்பார்கள். மேயர் எழுந்து நின்று பேசினார்.

"பக்கத்து ஊருல ஒரு பூசணிக்காயை வெச்சுக்கிட்டு பஸ் பஸ்ஸா ஆள் வரவைக்கறாங்க. பூசணிக்காய்! நம்ம ஊருல என்ன இருக்கு? ஒரு சூனியக்காரிய எரிச்சிருக்கோம். அதை இப்படி வீணாக்கலாமா?"

அந்தக் கதை எல்லோருக்கும் தெரியும். முந்நூற்றைம்பது வருஷத்துக்கு முன்னால் அபொலோனியா கிரோபெல்னிக் என்ற விதவை, தொட்டித் தண்ணீரைத் துடைப்பத்தால் அடித்து ஆலங்கட்டி மழையை வரவழைத்து ஊர்த் திராட்சையை எல்லாம் அழித்தாள் என்று வழக்குப் போட்டார்கள். கையை உடைத்தார்கள், ஒப்புக்கொள்ள வைத்தார்கள், ஆற்றங்கரைப் புல்வெளியில் எரித்தார்கள். அங்கே இப்போது கால்பந்து ஆடுகிறார்கள். அந்த இடத்தில் அவளுக்கு ஒரு கல் நட்டு, வருஷா வருஷம் விழா எடுக்க வேண்டும் என்பது மேயரின் திட்டம்.

"அவ வம்சத்துல வந்தவங்க யாராச்சும் இங்க இருக்கீங்களா? டிவிக்காரங்க அதைத்தான் முதல்ல கேப்பாங்க."

பிறகு பார்த்தால் ஒரு கை மேலே இருந்தது. யாருடையது என்று நானும் திரும்பிப் பார்த்தேன். என்னுடையதுதான்.

"எங்கம்மா பொறந்த வீட்டுப் பேரு கிரோபெல்னிக்" என்றேன்.

மன்றமே என்னைத் திரும்பிப் பார்த்தது. ஐம்பத்து நாலு வருஷத்தில் முதல்முறை. பக்கத்து நாற்காலியில் சத்திரக்கார ஹெட்விகா உட்கார்ந்திருந்தாள். எங்கள் பார்லருக்கு எதிரே மதுச் சத்திரம் நடத்துபவள். வாயிலிருந்து ஒரு வார்த்தை பிடுங்க வேண்டுமென்றால் இடுக்கி வேண்டும். அவள் நீளமாக ஒரு பெருமூச்சு விட்டாள். பொறாமை என்று எடுத்துக்கொண்டு முதுகை இன்னும் நிமிர்த்தி உட்கார்ந்தேன்.

அடுத்த மூன்று மாதம் நான் ஆடிய ஆட்டத்தை நினைத்தால் இப்போதும் காது சுடுகிறது. கறுப்பு உடுப்பு தைத்துக்கொண்டேன். கறுப்பு என்னை ஒல்லியாகக் காட்டும் என்று நினைப்பு. விங்கோ பார்த்துவிட்டு, "இழவு வீட்டுல பீரோவுக்குத் துணி போர்த்தின மாதிரி இருக்கு" என்றான். மாரிபோர் நகரத்துக்குப் போய் ஒரு கறுப்புப் பூனை வாங்கி வந்தேன். அது ஒரு வாரம் என்னைக் கவனித்துப் பார்த்துவிட்டு, தெருவைத் தாண்டி ஹெட்விகாவின் சமையற்கட்டுக்குக் குடி போய்விட்டது. பார்லர் வாசலில் 'சூனியக்காரி அழகு நிலையம்' என்று பலகை மாட்டினேன்.

தலைநகர் லூப்லியானாவிலிருந்து டிவிக்காரப் பெண் வந்தாள். "உங்களுக்குள்ள ஏதாச்சும் சக்தி இருக்குன்னு சின்ன வயசுலேர்ந்தே தோணியிருக்கா?" என்று கேட்டாள்.

"மழை வர்றதுக்கு முன்னாடி முழங்கால் வலிக்கும்" என்றேன், கண்ணைப் பாதி மூடிக்கொண்டு.

அதையும் ஒளிபரப்பினார்கள். மேட்டுத்தெரு ஆந்தோல், சினை பிடிக்காத பசுவைக் கூட்டிக்கொண்டு வந்துவிட்டான். நான் அதன் முதுகில் கை வைத்து எதையோ முணுமுணுத்தேன். மனப்பாடமாக இருந்தது ஒரே ஒரு கிறிஸ்துமஸ் பாட்டு. அதைத்தான் உதட்டசைவில் சொன்னேன். பசு சினை பிடித்தது. வேலியைத் தாண்டி வந்த பக்கத்துத் தோட்டத்துக் காளைக்கு அதில் பங்கு உண்டு என்று பிறகு தெரிந்தது. அதற்குள் ஆந்தோல் கொடுத்த புகையூட்டிய பன்றித் தொடையைத் தின்று முடித்திருந்தோம்.

இதில் விசேஷம் என்னவென்றால், கொஞ்ச நாளில் நானே நம்ப ஆரம்பித்துவிட்டேன்.

மே மாதத்தில் விழாவுக்கு ஒத்திகை நடந்தது. தீயணைப்பு மன்றத்தின் பின்முற்றத்தில் ஒரு மரத்தொட்டியில் தண்ணீர் நிரப்பி வைத்திருந்தார்கள். நான் அபொலோனியா. துடைப்பத்தால் தண்ணீரை அடித்து, "வா வெள்ளைக் கல்லே! வந்து விழு!" என்று கத்த வேண்டும். முதல் தடவை மேயருக்குத் திருப்தியில்லை.

"டில்கா, மாவு பிசையற மாதிரி அடிக்காதீங்க. கொஞ்சம் கோபமா அடிங்க."

நான் விங்கோவையும் அந்தப் பூனையையும் நினைத்துக்கொண்டு ஓங்கி அடித்தேன். தொண்டை கிழியக் கத்தினேன். மேட்டுக்கு அந்தப்பக்கம் ஒரு கருமேகம் தலையைத் தூக்கியது. எல்லோரும் கைதட்டிச் சிரித்தார்கள். காபி ஆறுவதற்குள் காற்று அடங்கி, வானம் புளித்த பால் நிறமாகி, முதல் கல் தொட்டிக்குள் 'தொபுக்' என்று விழுந்தது. வால்நட் கொட்டை அளவு. பிறகு எண்ண முடியவில்லை.

கூரைக்கு அடியில் ஒண்டி நின்றோம். மலைச்சரிவு முழுக்கத் திராட்சைத் தளிர்கள் அறுந்து விழும் சத்தம், யாரோ ஆயிரம் கத்தரிக்கோலை ஒரே நேரத்தில் இயக்கியது போலக் கேட்டது. என் பக்கத்தில் நின்றவர்களின் ஒரு வருஷப் பிழைப்பு கண் முன்னே போய்க்கொண்டிருந்தது. எனக்கு முதலில் வந்தது என்ன தெரியுமா? பெருமை. 'அடேயப்பா, நிஜமாகவே வருதே' என்று நினைத்தேன். அப்புறம்தான் விங்கோவின் முகத்தைப் பார்த்தேன். அம்மா வழியில் எனக்கு வந்த கீழ்ச்சரிவுத் தோட்டத்தில் அவன்தான் பாடுபடுகிறான். தொப்பியைக் கழற்றிக் கையில் வைத்திருந்தான், கல்லறைத் தோட்டத்தில் நிற்பவன்போல.

முதல் சில நாள் கிண்டல்தான். "டில்கா, அடுத்த தடவை பூசணிக்கா ஊருக்கு அனுப்பு!" நானும் சிரித்தேன். அப்புறம் கிண்டல் நின்றது. அது நின்றதும்தான் எனக்குப் பயம் வந்தது. முடி வெட்ட நேரம் சொல்லியிருந்தவர்கள் ஒவ்வொருவராக வரவில்லை. கோயிலில் நான் உட்கார்ந்த பெஞ்சில் இரண்டு பக்கமும் காலியாகக் கிடந்தது. கொழுத்த பெண்மணிக்கு அது ஒரு வசதி என்று மனதைத் தேற்றிக்கொண்டேன். ஒரு காலை கதவைத் திறந்தால் வாசற்படியில் குருத்தோலை ஞாயிறன்று மந்திரித்த கிளைகளைக் கொளுத்திய சாம்பல். இடி மழை வந்தால் வீட்டைக் காப்பதற்கு எங்கள் ஊரில் எரிப்பது வழக்கம். என் வாசலில் எரிப்பது வழக்கமில்லை.

மேயரே வந்தார். உட்காரவில்லை.

"எனக்கு இதுலெல்லாம் நம்பிக்கை கிடையாது டில்கா. நான் இன்ஜினியருக்குப் படிச்சவன்."

"சரி."

"ஆனா ஜனங்க ஒரு மாதிரி பேசறாங்க. மேகம் கூடினா நீங்க கொஞ்சம் உள்ளயே இருந்துட்டீங்கன்னா... ஜன்னல் பக்கம் வராம..."

"துணி காயப் போட்டிருந்தா?"

அவர் அதை நிஜமாகவே யோசித்தார். "விங்கோவ எடுக்கச் சொல்லுங்க" என்றார்.

என் நிலைமை இன்னும் மோசம். ஊர் என்னை நம்பியதைவிட நான் என்னை அதிகம் நம்பினேன். கோபம் வந்துவிடக் கூடாதே என்று விங்கோ சேற்றுக் காலோடு உள்ளே வந்தால்கூடப் புன்னகைத்தேன். அவன் பயந்துபோய் டாக்டரிடம் காட்டலாமா என்று கேட்டான். சூப்பை இடப்பக்கமாகக் கலக்கினால் புயல் வருமோ என்று வலப்பக்கமாகவே கலக்கினேன். அந்த நாட்களில் பார்லருக்கு வந்தது ஒரே ஒருத்திதான், ஹெட்விகா. வெள்ளிக்கிழமை தவறாமல் வருவாள். போன வாரம் வெட்டிய தலையில் புதிதாக வெட்ட ஒன்றும் இருக்காது; ஆனாலும் உட்காருவாள். போகும்போது ஒரு பானைப் புளிச்சூப்பை மேஜையில் வைத்துவிட்டுப் போவாள்.

ஜூன் மாதம், மதியச் சாப்பாடு முடிந்து தெரு தூங்கிக் கொண்டிருந்த நேரம். கதவு மணி அடிக்கவில்லை. துடைத்துக் கொண்டிருந்த சீப்பை வைத்துவிட்டுத் திரும்பினால் நாற்காலியில் ஒருத்தி உட்கார்ந்திருந்தாள். வெறுங்கால், முரட்டுச் சாக்குத் துணி போல ஒரு நீள அங்கி. செம்பட்டை முடி, நுனியெல்லாம் கருகிச் சுருண்டிருந்தது. விழாவுக்கு நாடகக்காரர்கள் வருவதாகச் சொல்லியிருந்தார்கள். அவர்களில் ஒருத்தி, வேஷத்துக்காக முடியைக் கருக்கிக்கொண்டிருக்கிறாள் என்று நினைத்து, கழுத்தைச் சுற்றித் துணியைக் கட்டினேன். கண்ணாடியைப் பார்த்தேன். நாற்காலியில் துணி மட்டும் இருந்தது. கழுத்து இருக்க வேண்டிய இடத்தில் ஒரு வட்டமான ஓட்டை, அதன் வழியே எதிர்ச் சுவரில் மாட்டியிருந்த ஷாம்பு விளம்பரம்.

கத்தரிக்கோல் கையிலிருந்து நழுவியது.

"எடு" என்றாள் அவள். "நுனி கருகிப்போய்க் கிடக்கு. அன்னிலேர்ந்து கழுத்துல குத்திக்கிட்டே இருக்கு. வெட்டி விடு."

ஓடியிருக்க வேண்டும். நான் கத்தரியை எடுத்தேன். தொழில் அப்படி, உட்கார்ந்த தலையை விட்டுவிட்டுப் போகக் கை வராது. முதல் கொத்தை வெட்டியதும் புகை நாற்றம் எழுந்தது.

"நீங்க... அபொலோனியா அம்மாவா?" என்றேன். "நான் உங்க பேத்தி வழி..."

"அடியே, அதைத்தான் கேக்க வந்தேன். யாரு உனக்குச் சொன்னா?"

"எங்கம்மா கிரோபெல்னிக்."

"கிரோபெல்னிக்னா? அது என் புருஷன் வீட்டுப் பேரு. அவன் செத்ததும் அவன் தம்பி யூரி அந்தக் கீழ்ச்சரிவைக் கேட்டான். மாட்டேன்னேன். கல்லு மழை பெஞ்ச மறுநாள் கோயில் வாசல்ல எல்லார் முன்னாடியும் என்னைக் கை நீட்டிக் காட்டினான் பாரு, அவன் வம்சம்டி நீ. மூக்கைப் பாத்தாலே தெரியுது."

நான் மூக்கைத் தொட்டுப் பார்த்துக்கொண்டேன். அம்மாவுக்கும் அதே மூக்கு. எங்கள் குடும்பத்தில் அதை அழகு என்று சொல்லிக்கொள்வோம்.

"அப்ப மே மாசம் பெஞ்ச ஆலங்கட்டி? நான் தண்ணிய அடிச்சதும்..."

அவள் என்னைத் திரும்பிப் பார்த்தாள். அந்தப் பார்வையை என் கணக்கு வாத்தியாரிடம் பார்த்திருக்கிறேன்.

"மே மாசம் கல்லு மழை பெய்யாம எப்ப பெய்யும்? எனக்கு அப்படி ஒரு வித்தை தெரிஞ்சிருந்தா என் தோட்டத்து மேலயே விழ விட்டிருப்பேனா? இல்ல, அவனுங்க என்னைக் கட்டின அன்னிக்கு ஒரு தூறலாச்சும் வரவழைச்சிருக்க மாட்டேனா? நல்ல வெயிலுடி அன்னிக்கு."

நான் அடுத்த கொத்தை வெட்டினேன்.

"இன்னொண்ணும் கேட்டுக்கோ" என்றாள் பிறகு. "கைய உடைச்சப்போ, கூட யாரு யாருன்னு கேட்டாங்க. நான் சொன்னேன். என்கிட்ட சல்லடை வாங்கிட்டுப் போனவ, தண்ணி மொள்ள வந்தவ, எல்லார் பேரும். ரெண்டு பேர எரிச்சாங்க. கல்லு நடறாங்களாமே, அதுல அவளுங்க பேரும் வருதா?"

வரவில்லை. ஒருத்தி பெயர் நேஷா, இன்னொருத்தி பெயர் உர்ஷா என்று அவள் சொன்னாள். நான் மனதில் வாங்கிக்கொண்டேன்.

"அந்தச் சரிவுல இப்ப என்ன விளையுது?" என்று கேட்டாள்.

"திராட்சைதான். வடக்கு பாத்த சரிவு. வெயில் படாது. ரசம் வாயில வெக்க முடியாது, அவ்வளவு புளிப்பு."

அபொலோனியா சிரித்தாள். பெரிய, பல் தெரியும் சிரிப்பு. கழுத்துத் துணி குலுங்கியது. "நல்லா வேணும் யூரிக்கு" என்றாள்.

வெட்டி முடித்தேன். கண்ணாடியில் அவளுக்கும் ஒன்றும் தெரியவில்லை போலிருக்கிறது. "எப்படி இருக்கு?" என்றாள்.

"நல்லா இருக்கு."

"பொய்யி. நீ சுமாராத்தான் வெட்டுவேன்னு ஊரே சொல்லுது." பின்கழுத்தைத் தடவிப் பார்த்தாள். "பரவாயில்ல. குத்தல. எனக்கு இது இனிமே வளரவா போகுது?"

எழுந்து போவதற்கு முன் எதிர்ச் சத்திரத்தைக் காட்டி, "என் பொண்ணு மேட்டைத் தாண்டி ஓடிப் பொழைச்சா. அவ வழி அதோ அங்க இருக்கு. என் பேரைச் சொல்லி நீ இனிமே பலகை மாட்டாதே" என்றாள். கதவு திறக்கவில்லை. துணி மட்டும் நாற்காலியில் தொய்ந்து விழுந்தது.

விங்கோ உள்ளே வந்து கருகல் நாற்றத்தை மோப்பம் பிடித்தான். "மறுபடியும் கேக் செஞ்சியா?"

தரையில் கருகிய செம்பட்டை முடி ஒரு கை அளவு கிடந்தது. பெருக்கி எடுத்துக் காகிதப் பையில் போட்டுக்கொண்டு தெருவைத் தாண்டினேன். ஹெட்விகா சமையற்கட்டில் உருளைக்கிழங்கு சீவிக் கொண்டிருந்தாள். என் பூனை அடுப்படியில் படுத்திருந்தது. என்னைக் கண்டும் காணாததுபோலத் தலையைத் திருப்பிக்கொண்டது. நான் பையை மேஜைமேல் வைத்து, நடந்ததைத் திக்கித் திணறிச் சொன்னேன். பைத்தியம் என்று துரத்துவாள் என்று எதிர்பார்த்தேன். அவள் கத்தியைக் கீழே வைத்தாள். பையைத் திறந்து பார்த்தாள். தன் தலைத்துணியை மெல்ல அவிழ்த்தாள். நரைக்கு நடுவே மிச்சமிருந்தது அதே செம்பட்டை. எத்தனை வருஷம் அந்தத் தலையை வெட்டியிருக்கிறேன், எனக்குத் தோன்றவேயில்லை பாருங்கள்.

"தெரியும்" என்றாள். "எங்க வீட்டுல பொண்ணுங்களுக்குச் சின்ன வயசுல கோயில்ல முதல்முறை புதுநன்மை வாங்கற அன்னிக்குச் சொல்லுவாங்க. சொல்லிட்டு, வெளிய சொன்னா நாக்கை அறுத்துடுவேம்பாங்க."

"அன்னிக்கு நான் கையத் தூக்கினப்போ நீ பெருமூச்சு விட்டியே..."

"அப்பாடான்னு இருந்துச்சு." அவள் என் கண்ணைப் பார்க்கவில்லை. "மேயர் கேட்டதும் எந்திரிச்சு ஓடிடலாமான்னு பாத்தேன். நீ கையத் தூக்கினே. சரி, இனிமே எல்லாரும் அவளைப் பாப்பாங்க, என்னைப் பாக்க மாட்டாங்கன்னு நெனைச்சேன். கல்லு விழுந்தப்புறம் உன் வாசல்ல சாம்பலப் பாத்தப்பவும் நான் வாயைத் தொறக்கல. சூப்புதான் கொண்டாந்தேன்."

"நல்ல சூப்பு" என்றேன்.

அவள் பையை மடித்து அங்கிப் பையில் வைத்துக்கொண்டாள்.

கல் திறக்கும் நாள் வந்தது. கால்பந்து மைதானத்தில் பந்தல், பித்தளை வாத்தியக் குழு, டிவி வண்டி. மேட்டுக்கு மேலே லேசாக மேகம் வேறு. ஜனங்கள் ஒரு கண்ணை மேகத்திலும் ஒரு கண்ணை என்மேலும் வைத்திருந்தார்கள். நான் பழைய நீலச் சட்டையில் போயிருந்தேன். மனதுக்குள் ஒரு பேச்சைத் தயார் செய்திருந்தேன், அருமையான பேச்சு. நான் வாரிசு இல்லை, இதோ உண்மையான வாரிசு என்று ஹெட்விகாவை அறிமுகப்படுத்தி, கூட்டம் கைதட்ட, நான் தியாகியைப் போலத் தலை குனிந்து இறங்குவேன். பெருமை ஒரு வழியில் போனால் இன்னொரு வழியில் பிடிக்கப் பார்த்தேன், அவ்வளவுதான்.

மேயர் ஒலிபெருக்கியைக் கொடுத்தார்.

"நான் அபொலோனியா வம்சம் இல்ல" என்றேன். "அவளைக் காட்டிக்கொடுத்த யூரி கிரோபெல்னிக் வம்சம். தெரியாம கையத் தூக்கிட்டேன்."

சலசலப்பு. பின்வரிசையிலிருந்து ஆந்தோல் கத்தினான். "நைசா நழுவப் பாக்குறா! கல்லு மழைக்கு யாரு பதில் சொல்றது?"

"அப்ப என் பசு மாட்டுக்கு என்ன பண்ணினே?" என்று சேர்த்துக்கொண்டான்.

"காளையக் கேளு" என்றேன். அதற்குச் சிலர் சிரித்தார்கள்.

டிவிக்காரப் பெண் முன்னால் வந்தாள். "அப்படின்னா உண்மையான வாரிசு யாரு? உங்களுக்குத் தெரியுமா?"

என் கை மேலே எழுந்தது. முழங்கை நீண்டது, விரல் நீண்டது. கூட்டத்தில் இரண்டாம் வரிசையில் ஹெட்விகா கோப்பைகள் அடுக்கிய தட்டோடு நின்றிருந்தாள். முகத்தில் ரத்தமே இல்லை. அந்த முகத்தைப் பார்த்தேன், அப்புறம் என் விரலைப் பார்த்தேன். நுனி கொஞ்சம் வளைந்த, தடித்த விரல். மூக்கைப் போலவே அதுவும் அம்மா வீட்டு வழி. கூட்டத்துக்கு முன்னால் ஒரு பெண்ணை நோக்கி நீள அதற்கு யாரும் சொல்லித்தர வேண்டியிருக்கவில்லை.

விரலைத் திருப்பி மூக்கைச் சொறிந்துகொண்டேன். நாடு முழுக்கப் பார்த்தது.

"தெரியல" என்றேன். "அந்த வம்சம் எங்க போச்சோ. ஆனா இன்னும் ரெண்டு பேர எரிச்சிருக்கோம். நேஷா, உர்ஷா. அவங்க பேரையும் கல்லுல போடுங்க."

மேயருக்கு முகம் மலர்ந்துவிட்டது. ஒன்றுக்கு மூன்று கிடைத்ததே! வாத்தியக்காரர்களுக்குச் சைகை காட்டினார். நான் மேடையிலிருந்து இறங்கும்போது கடைசிப் படி இருப்பதை மறந்து புல்லில் முட்டி போட்டு விழுந்தேன். டிவியில் கடைசியில் காட்டியது அதை மட்டும்தான். மேகம் எங்கேயோ போய்விட்டது.

விழுந்த என்னைத் தூக்கிவிட்டது ஹெட்விகா. தட்டை யாரிடமோ கொடுத்துவிட்டு வந்திருந்தாள். என் கையை அவள் உடனே விடவில்லை.

அதற்குப் பிறகு ஊர் என்னை மன்னித்தது என்று சொல்ல முடியாது. முடி வளர்ந்துகொண்டே இருந்தது, ஊரில் வேறு பார்லர் கிடையாது, அவ்வளவுதான். யூரி வம்சம் என்று நான் மட்டுமா? ஒரு மாதத்தில் ஒவ்வொருவராக நாற்காலியில் உட்கார்ந்து, "எங்கப்பா வழியிலயும் ஒரு கிரோபெல்னிக் உண்டு டில்கா, வெளிய சொல்லாதே" என்று காதோடு சொன்னார்கள். மேயர்கூடச் சொன்னார். பாதி ஊருக்கு அந்த மூக்கு இருப்பதை நான் அப்போதுதான் கவனித்தேன்.

அறுவடை முடிந்ததும் ஹெட்விகாவிடம் போனேன். விங்கோவிடமும் பேசிவிட்டேன், அவன் தலையைச் சொறிந்து, "வேலை மிச்சம்" என்று சம்மதித்திருந்தான்.

"கீழ்ச்சரிவு உன்னோடது" என்றேன். "எடுத்துக்கோ."

"அந்தச் சரிவா?" ஹெட்விகா பயந்தே போனாள். "எனக்கு எதுக்கு? ஒரு தடவை உங்க திராட்சை ரசத்தைக் குடிச்சிட்டு ரெண்டு நாள் பல்லு கூசுச்சு. நீங்களே வெச்சுக்கோங்க."

"அப்ப ஏதாச்சும் வாங்கிக்கோ. எனக்கு மனசு கேக்கல."

அவள் கையைத் துடைத்துக்கொண்டாள். பிறகு, "ஒரு மண்வெட்டி அகலத்துக்கு இடம் குடு" என்றாள்.

மறுநாள் காலை பனி விலகியதும் மூன்று பேரும் போனோம். மேல்வரிசைக் கொடிகளுக்கும் வேலிக்கும் நடுவே கொஞ்சம் வெயில் படும் ஒரே இடத்தை விங்கோ காட்டினான். அவனிடம் நான் எதுவும் விளக்கவில்லை. அவனும் கேட்கவில்லை. ஹெட்விகா அங்கியிலிருந்து காகிதப் பையை எடுத்தாள். அவனே குழி தோண்டினான், தேவைக்கு மேல் ஆழமாக. தொப்பியைக் கழற்றிக்கொண்டான். ஹெட்விகா பையை வைத்து மண்ணைத் தள்ளினாள்.

"ஏதாச்சும் ஜெபம் சொல்லுவோமா?" என்றாள்.

நான் வாயைத் திறந்தேன். எனக்குத் தெரிந்த அந்த ஒரே கிறிஸ்துமஸ் பாட்டை இந்தத் தடவை சத்தமாகவே பாடினேன். எதுவும் சுருதியில் இல்லை. நடுவில் விங்கோ இருமினான், ஹெட்விகா ஒரு கையால் வாயைப் பொத்திக்கொண்டாள். சிரிக்கிறாளா அழுகிறாளா என்று தெரியவில்லை. நான் மூன்று சரணத்தையும் பாடி முடித்துவிட்டுத்தான் நிறுத்தினேன். பிறகு மூவரும் வரிசையாக இறங்கி, அவள் சத்திரத்துக்குப் பின்வாசல் வழியே போய், வால்நட் வைத்துச் சுருட்டிய ரொட்டியைச் சூடாகத் தின்றோம்.